ரூம்ல ட்ரம்பெட் ஊதோணும், பக்கத்து ரூமுக்குக் கேக்கக் கூடாது

ட்ரம்பெட் வாங்கறது கூடப் பரவால்லீங்க, அத எங்க வெச்சு ஊதறதுங்கறதுதான் பெரிய பாடு. கோயமுத்தூர் பீளமேடு பக்கம் நாலு பேரு சேந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கீங்கன்னா ராத்திரி ஊதுனா ஹவுஸ் ஓனரு சும்மா உடமாட்டாரு. யமஹா சைலன்ட் பிராஸ் நல்ல சாமான்தான், மியூட்டுக்குள்ளயே (ட்ரம்பெட் வாயில சொருகிச் சத்தத்தக் கொறைக்கற அடைப்பு) மைக் வெச்சு நம்ம சத்தத்த ஹெட்ஃபோன்ல குடுக்கும், ஆனா படிக்கற பசங்க காசுக்கு அது ஆகாது.

சத்தமே இல்லாம பாதி வேலைய முடிச்சரலாமுங்க. விரலால அமுக்கற மூணு வால்வுல ரெண்டாவது அரை ஸ்வரம் இறக்கும், மொதலாவது ஒரு முழு ஸ்வரம், மூணாவது ஒண்ணரை. இத மனசுல வெச்சுக்கிட்டு பாட்ட வாய்க்குள்ள முணுமுணுத்துட்டே விரல ஓட்டுங்க, கஷ்டமான எடமெல்லாம் இப்பிடியே படிஞ்சரும். அப்பறம் உதடு வெச்சு ஊதற மவுத்பீஸ மட்டும் கழட்டி உதட்ட அதிர வெச்சு ஊதிப் பாருங்க, ஃபோன்ல இலவச ட்யூனர் ஆப்பு போட்டு ஸ்வரம் நிக்குதான்னு பாக்கோணும்.

ஊதியே ஆகோணும்னா வெறும் சொவத்தப் பாத்து ஊதாதீங்க. பீரோவத் தொறந்து துணிக்கு நேரா பெல்லக் காட்டி (ட்ரம்பெட்டோட விரிஞ்ச வாய்) ஊதுங்க. ட்ரம்பெட்டோட கூர்மையான சத்தம் பெல் பாக்கற பக்கம்தான் நேராப் போகும், அதத் துணி நல்லா இழுத்துக்கும்.

இனி மியூட்டு. கொஞ்சம் கெட்டியான அரை லிட்டர் கூல்ட்ரிங்ஸ் பாட்டில் எடுத்து மூடியக் கழட்டி, வாய்ப்பக்கம் பெல்லுக்குள்ள போற மாதிரி வெச்சுப் பாருங்க, எங்க முட்டுதோ அந்த எடத்துல ஸ்டேஷனரி கடை ஃபோம் ஷீட்ட வளையமாச் சுத்தி டபுள் சைடு டேப் போட்டு ஒட்டுங்க. பசை எதும் பெல்லு மேல படக்கூடாதுங்க. அடிப்பக்கம் சின்னதா ஒரு ஓட்ட போடோணும், இல்லீன்னா காத்து போக வழியே இருக்காது, மூச்சு ரொம்ப முட்டுச்சுன்னா ஓட்டயக் கொஞ்சம் பெருசு பண்ணிக்கலாம். பாட்டில் சலசலன்னு அதிருச்சுன்னா உள்ள திருப்பூர் பனியன் வேஸ்ட்டக் கொஞ்சம் லூசாப் போடுங்க, கிலோக் கணக்குல மலிவாக் கெடைக்கும், கருவி தொடைக்கவும் ஆச்சு. வெறும் துணிய மட்டும் பெல்லுல அடைக்காதீங்க, ஸ்வரமே நிக்காது. மியூட்டு போட்டா பெரும்பாலும் ஸ்ருதி ஏறும், ஸ்ருதி சரி பண்ற குழாயான ட்யூனிங் ஸ்லைட கொஞ்சம் வெளிய இழுத்துக்கோங்க, மியூட்டக் கழட்டுனதும் மறக்காம உள்ள தள்ளோணும்.

சத்தத்தக் கொறச்சு ஊதறது ஏதோ வழியில்லாம பண்றதுன்னு நெனைக்காதீங்க. ஹெர்பர்ட் கிளார்க்ங்கற கார்னெட் (ட்ரம்பெட் மாதிரியே ஒரு கருவி) வித்வான் 1912-ல போட்ட பயிற்சிப் புத்தகத்துலயே மொதப் பயிற்சிய ரொம்பச் சத்தம் கம்மியா ஊதத்தான் சொல்றாரு. சத்தம் கம்மியா நீட்டி ஊதி ஸ்வரம் ஆடாம நின்னுச்சுன்னா உதடு தானா பலமாயிரும்.

ஆனா மியூட்டுலயே கெடந்தீங்கன்னா மூச்ச அழுத்தித் தள்ளி ஊதற பழக்கம் வந்து டோன் கெட்டுப்போகும். வாரத்துல ஒரு நாளாவது மியூட்டு இல்லாம ஊதுங்க. சோமனூர், பல்லடம் பக்கம் ஊரு இருக்கறவங்க லீவுக்குப் போறப்ப தறி ஓடற நேரமாப் பாத்து ஊதுங்க, அந்தச் சத்தத்துல நீங்க ஊதறது யாருக்கும் தொந்தரவா இருக்காது. மத்தவங்க தெரிஞ்சவங்க தோட்டத்துல ஒரு வார்த்த கேட்டுட்டு கெணத்து மேட்டுல நின்னு ஊதலாம், மாடு கட்டியிருக்கற பக்கம் மட்டும் வேண்டாமுங்க, மெரண்டுரும்.