பழைய மீன் தொட்டியில் செடி வளர்க்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் நாலு பேரிடம் சொல்லி வைத்தால் போதும், 2 அடி கண்ணாடித் தொட்டி 40, 50 வெள்ளிக்குக் கிடைத்துவிடும். இடத்தை அடைக்கிறது என்று சும்மாவே கொடுப்பவர்களும் உண்டு. தண்ணீருக்குள் செடி வளர்க்க அது தாராளமாகப் போதும். ஆனால் பழைய தொட்டியோடு அதன் பழைய கதையும் வீட்டுக்கு வந்துவிடும். என்ன மீன் இருந்தது, என்ன மருந்து ஊற்றினார்கள், எவ்வளவு காலம் வெளியே காய்ந்து கிடந்தது என்று கேட்காமல் காசைக் கொடுப்பதுதான் முதல் தவறு.

மருந்தைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். வெள்ளைப்புள்ளி நோய்க்குப் போடும் சில மருந்துகளில் தாமிரம் இருக்கும். அது பழைய கல்லிலும் மணலிலும் தங்கிக்கொள்ளும். மீன் தாங்கும் அளவே இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். சந்தேகம் இருந்தால் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு கல்லை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது கசிவு. பார்த்தால் நன்றாக இருக்கிறதே என்று நேராக வரவேற்பறையில் வைத்து நிரப்பாதீர்கள். 60 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டியில் தண்ணீரே 54 கிலோ. முதலில் வெளியே சமதரையில், அடியில் போலிஸ்டைரின் அட்டை போட்டு, விளிம்பு வரை நிரப்பி 2 நாள் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் ஏடிஸ் கொசுவுக்குத்தான் வசதி. கசிந்தால் அந்த இடத்தில் மட்டும் மேலே பூசிவிடுவார்கள் பலர். புது சிலிகான் பழைய சிலிகான்மேல் சரியாக ஒட்டாது. உள்பக்கத்துச் சிலிகானைப் பிளேடால் முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் பூச வேண்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சை பிடிக்காத சிலிகான் வேண்டவே வேண்டாம். அந்தப் பூஞ்சைக்கொல்லி மீனுக்கு விஷம். கழுவும்போது சோப்பும் கூடாது. வெள்ளைக் கறைக்கு வினிகரே போதும்.

ஃபில்டர் விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுதான் அதிகம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். மூன்றாவது செடிக்கு உரம். இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ஃபில்டர் ஸ்பான்சில்தான் குடியிருக்கின்றன. விற்பவர் வீட்டில் ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான்: ஸ்பான்சை அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே ஊற வைத்து எடுத்து வந்து, அன்றே ஓட்டிவிடுங்கள். அழுக்காக இருக்கிறதே என்று பைப்புத் தண்ணீரில் பளிச்சென்று கழுவினால் குளோரின் அந்தப் பாக்டீரியாக்களில் பலவற்றைக் கொன்றுவிடும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த ஃபில்டர் என்றால் புதிதாகத்தான் தொடங்க வேண்டும், அதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை செடி மட்டும் இருக்கட்டும். காத்திருக்கக் காசு செலவில்லை. அவசரப்பட்டு வாங்கிய மீன் செத்தால்தான் செலவு. பைப்புத் தண்ணீருக்கு ஆன்டி குளோரின் போடவும் மறக்காதீர்கள்.

இனி, நம் ஊருக்கே உரிய தவறுக்கு வருகிறேன். காசை மிச்சம் பிடிக்க நினைத்தால் கண் தானாகவே தோட்டத்துப் பக்கம் போகும். செம்மண், வாய்க்கால் பாசி, ஓடைச் செடி எல்லாம் சும்மா கிடைக்கிறதே என்று தோன்றும். தயவுசெய்து எடுக்காதீர்கள். ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் புல்லுக்கு மருந்து அடிக்கிறார்கள். செடியைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து அது. நம் தொட்டிச் செடியை மட்டும் விட்டுவைக்குமா? மருந்து அடிக்கும் அக்காக்களைக் கேட்டால் எந்த நிரையில் எப்போது அடித்தார்கள் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் மழை பெய்தால் மேட்டு நிரையில் அடித்தது பள்ளத்து வாய்க்காலுக்கு வந்துவிடும். அதனால் அதை வைத்தும் நம்ப முடியாது. மண்ணில் கலந்த உரமும் தண்ணீரில் கரைந்து பாசியைத்தான் வளர்க்கும்.

ரப்பர் மரக்கட்டையும் அப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மாவுச்சத்து நிறைந்த மரம். தண்ணீரில் போட்டால் சீக்கிரமே பூஞ்சை பிடித்து அழுகும். செம்மோர் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் கல்லும் ஆசை காட்டும். எந்தக் கல்லாக இருந்தாலும் அதன்மேல் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல். அது தண்ணீரைக் கடினமாக்கி, காரத்தன்மையை ஏற்றிவிடும். காரமான தண்ணீரில் அம்மோனியா இன்னும் கொடியது. கழுவிய ஆற்று மணலைக் கடையில் வாங்கிப் போட்டால் எந்தத் தொல்லையும் இல்லை. சும்மா கிடைப்பதில் நான் தயங்காமல் சொல்வது காய்ந்து விழுந்த கெத்தாபாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்றைத்தான். அதையும் மருந்து படாத இடத்தில் பொறுக்குங்கள்.

செடியில், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கேட்கும் வகைகளை விட்டுவிடுங்கள். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், கிரிப்டோகோரைன் போதும். முதல் இரண்டின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். கிரிப்டோகோரைன் இடம் மாறியதும் இலையெல்லாம் கரைந்து செத்ததுபோலத் தெரியும். பிடுங்கி எறியாதீர்கள், வேர் நன்றாக இருந்தால் சில வாரத்தில் மறுபடி துளிர்க்கும்.

விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். ஹீட்டர் நமக்குத் தேவையில்லை. தகரக் கூரை வீட்டில் மதியச் சூடுதான் பிரச்சினை; ஜன்னல் வெயில் படாத சுவரோரமாக வையுங்கள். பழைய பம்பின் வயர் வெடித்திருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள். வயர் பிளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால் வழியும் தண்ணீர் பிளக்குக்குப் போகாது.

பழைய தொட்டியோடு ஒரு பண்டாராயா மீனையும் (கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் பிளெக்கோ) இலவசமாகத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பாசி தின்னும், நல்லது என்பார்கள். அது 30 செ.மீ.க்கு மேல் வளரும் மீன். 2 அடித் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது, செடியையும் வேரோடு கிளப்பிவிடும். வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் மீன் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய குளம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். ஆற்றிலோ பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலோ மட்டும் விடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன் அது. நம் ஆறுகளில் ஏற்கெனவே பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.