குள்ளர் கோட்டையின் விசித்திரங்களுக்குக் காரணம் சொல்வது எப்படி

"அத்தை, ஒரே கட்டத்துக்குள் முந்நூறு கல் எப்படி அடங்கும்?" என்று என் அண்ணன் மகள் கேட்ட அன்றுதான் எங்கள் கோட்டைக் குறிப்பேடு பிறந்தது. விளையாட்டு என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்டு இன்றும் வளர்த்துவரும் ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் (குள்ளர் கோட்டை) என்ற கணினி விளையாட்டு, பாறையின் வகையிலிருந்து குள்ளனின் மனக்கவலைவரை கணக்கு வைத்திருக்கும் உலகம். அங்கே நடக்கும் விசித்திரத்துக்கு அங்கேயேதான் காரணம் தேட வேண்டும்.

முதலில், நடப்பதை முழுவதும் பாருங்கள். குப்பை கொட்டும் இடமாக ஒரே கட்டத்தைக் குறித்தால் எத்தனை பொருளும் அதில் அடங்கும். கொட்டிய பொருளை, நாம் மீண்டும் அனுமதிக்கும்வரை குள்ளர்கள் தொடுவதில்லை. ஆகவே, "உரியவன் இல்லாத பொருள் இடத்தை அடைக்காது" என்று எழுதினேன். அவள் உடனே மடக்கினாள்: "அனுமதி கொடுத்த பிறகும் குவியல் அப்படியே இருக்கிறதே?" நியாயமான கேள்வி. அந்த வரியை அடித்துவிட்டு, "கைவிடப்பட்ட பொருள் தன் பருமனை மறந்துவிடுகிறது. வாயால் அழைத்தால் போதாது, ஒரு குள்ளனின் கை பட்டால்தான் நினைவு திரும்பும்" என்று மாற்றினோம். அது இன்றுவரை தாங்குகிறது.

விதிவிலக்கையும் விளக்குவதுதான் நல்ல காரணம். தூக்குபாலம் இறங்கும்போது அடியில் இருப்பது சுவடில்லாமல் மறைந்துவிடும்; ஆனால் மிகப் பெரிய மிருகம் நின்றால் பாலமே உடைந்துபோகும். பாலம் மலையின் தாடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் கொள்ளாத கவளத்தை விழுங்கப் போனால் தாடை பெயராமல் என்ன செய்யும்? ஒரே வாக்கியத்தில் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டது. "மந்திரம்" என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லாவற்றையும் விளக்கும் சொல் எதையும் விளக்குவதில்லை.

சில விசித்திரங்களுக்கு உண்மைக் காரணமே கதையைவிட அழகாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு கற்பனையைத் தொடங்குங்கள். 2015 டிசம்பரில் விளையாட்டில் மதுக்கூடங்கள் வந்தபின், பூனைகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. குடிகாரர்கள் தரையில் சிந்திய மது பூனையின் பாதத்தில் ஒட்டியது. பூனை தன் வழக்கப்படி பாதத்தை நக்கிச் சுத்தம் செய்தது. அப்படி ஒருமுறை நக்கியதை விளையாட்டு ஒரு முழுக் கோப்பையாகக் கணக்கிட்டது. அவ்வளவு சிறிய உடம்பு அதை எப்படித் தாங்கும்? எங்கள் குறிப்பேட்டில் இதற்கு ஒரே வரி: "குள்ளர் மதுவில் துளி என்ற அளவு கிடையாது, சிந்தியதும் முழுக் கோப்பையே." பின்னால் அந்தப் பிழை திருத்தப்பட்டது. நாங்களும் மது காய்ச்சுவோர் கூடி அளவுச் சட்டத்தை மாற்றியதாக எழுதிக்கொண்டோம். உலகம் மாறினால் பழைய வரியை அழிக்க வேண்டாம், மாற்றத்தையும் வரலாறாக்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது நீர்ச்சக்கரம். சக்கரம் 100 அலகு விசை தருகிறது. திருகு பம்புக்கு 10 அலகு போதும். ஆகவே பம்பு நீரைச் சுழலவிட, அந்த நீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் பம்பை ஓட்ட, முடிவில்லாமல் ஓடுகிறது. ஆனால் தானாகத் தொடங்காது. முதலில் ஒரு குள்ளன் கையால் பம்பை இயக்க வேண்டும். அந்தச் சிறு விவரத்தைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். தொடங்கிவைக்கும் குள்ளன் தண்ணீருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறான். அந்த வாக்கு நிற்கும்வரை தண்ணீரும் நிற்காமல் ஓடும். எங்கள் கோட்டையில் அதைத் தொடங்கியவனுக்கு "வாக்குக்காரன்" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறோம். அவனை மட்டும் போருக்கு அனுப்புவதில்லை.