பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த சட்டையை யார் தைத்தார்கள்? மாணவர் இயக்கம் நடத்தும் முறை

தங்கள் கல்லூரியின் பெயர் பொறித்த ஆடைகள் எப்படிப்பட்ட ஆலைகளில் தைக்கப்படுகின்றன என்று அமெரிக்க மாணவர்கள் கேட்கத் தொடங்கி கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1999இல் டியூக், ஜார்ஜ்டவுன், விஸ்கான்சின் முதலிய பல்கலைக்கழகங்களில் அவர்கள் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். அதுவரை வணிக ரகசியம் என்று மறைத்துவைத்திருந்த ஆலை முகவரிகளை நைக் நிறுவனம் அந்த ஆண்டில்தான் வெளியிடத் தொடங்கியது. அங்கே படிக்கச் சென்றிருக்கும் தமிழ் மாணவர்கள் இந்த வேலையை எப்படித் தொடங்கி நடத்தலாம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வளாகக் கடையில் தொங்கும் ஒரு ஹூடியை எடுத்து உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பிப் பாருங்கள். கழுத்து லேபிளில் நாட்டின் பெயர் இருக்கும். சலவைக் குறிப்புகளுக்கு நடுவே, பொடி எழுத்தில், ஆர்.என். என்ற எழுத்துகளும் அவற்றை அடுத்து ஓர் எண்ணும் பெரும்பாலும் இருக்கும். அந்த எண்ணை அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் பதிவேட்டில் தேடினால் விற்கும் நிறுவனம் எதுவென்று தெரிந்துவிடும். ஆனால் தைத்த ஆலை தெரியாது. அதற்கு, மாணவர்களின் வற்புறுத்தலால் 2000இல் உருவான ஒர்க்கர் ரைட்ஸ் கன்சார்டியம் என்ற கண்காணிப்பு அமைப்பின் ஆலைப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் பல்கலைக்கழகங்களும், மாணவர்களும், தொழிலாளர் உரிமை வல்லுநர்களும் இருக்கிறார்கள்; ஆடை நிறுவனங்களுக்கு இடமில்லை. ஆடை நிறுவனங்களும் அங்கம் வகிக்கும் ஃபேர் லேபர் அசோசியேஷன் என்ற மற்றொரு கண்காணிப்பு அமைப்பைவிட இதன் அறிக்கைகளை நான் அதிகம் நம்புவதற்கு அதுவே காரணம். உங்கள் பல்கலைக்கழகம் இதில் உறுப்பினர் இல்லையென்றால், அதைச் சேரச் செய்வதே உங்கள் முதல் கோரிக்கையாகட்டும்.

அடுத்து ஒப்பந்தத்தைப் படியுங்கள். பல்கலைக்கழகம் தன் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாகப் பெறுகிறது. அந்த உரிமத்தோடு நடத்தை விதித்தொகுப்பு ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தால், சங்கம் அமைக்கும் உரிமை, சட்டப்படியான ஊதியம், பணிநீக்க இழப்பீடு ஆகியவற்றை மீறும் நிறுவனத்தின் உரிமத்தை ரத்து செய்ய முடியும். மாணவர்களின் கையில் உள்ள உண்மையான பிடி இதுதான். முழக்கங்களெல்லாம் இதற்குப் பின்னால்தான் வர வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டப்படி விண்ணப்பித்து ஒப்பந்த நகலைக் கேட்கலாம்.

எதைக் கேட்பது என்பதைத் தொழிலாளர்களே சொல்ல வேண்டும். இந்த இடத்தில்தான் நல்லெண்ணம் கொண்ட மாணவர்கள்கூட அடிக்கடி தவறிவிடுகிறார்கள். ஓர் ஆலையில் கொடுமை நடக்கிறது என்று கேட்டவுடன் அந்தத் துணியை யாரும் வாங்கக் கூடாது என்று அறிவித்துவிட்டால், நிறுவனம் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றிக்கொள்ளும்; தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு வேலையும் போய்விடும். ஹோண்டுராஸ் நாட்டின் சோலோமா நகரில் ரசல் என்ற ஆடை நிறுவனம் நடத்திய ஆலையில் தொழிலாளர்கள் சங்கம் அமைத்திருந்தார்கள். 2009 ஜனவரியில் அந்த ஆலை மூடப்பட்டு, சுமார் 1,200 பேர் வேலையிழந்தார்கள். வேலையும் சங்கமும் திரும்ப வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை. மாணவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய நூறு பல்கலைக்கழகங்கள் ரசலின் உரிமத்தை நிறுத்தின. அந்த ஆண்டு நவம்பரில் நிறுவனம் புதிய ஆலை ஒன்றைத் திறக்கவும், தொழிலாளர்களைத் திரும்ப எடுக்கவும், சங்கத்தை ஏற்கவும் ஒப்புக்கொண்டது. அங்கே உரிமம் நிறுத்தப்பட்டது தொழிலாளர்களின் கோரிக்கையை நிறைவேற்றவே என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆலை தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்தால் உங்களுக்கு ஒரு தனிப் பொறுப்பு உண்டு; தமிழ் பேசும் தொழிலாளியின் சொல்லை இடைத்தரகர் இல்லாமல் நீங்கள் கேட்க முடியும். திண்டுக்கல் அருகே ஓர் ஆடை ஆலையில் பணியாற்றிய இளம் பெண் 2021இல் கொல்லப்பட்ட பிறகு மேற்கண்ட கன்சார்டியம் அங்கும் விசாரணை நடத்தியது. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்று 2022இல் அந்த ஆலையை நடத்திய நிறுவனத்தோடும் அதன் ஆடைகளை வாங்கும் பிராண்டுகளோடும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. பேசும் தொழிலாளியின் பெயரையும் படத்தையும் அவர் அனுமதியில்லாமல் எங்கும் பகிராதீர்கள்.

பல்கலைக்கழகத் தலைவருக்கு எழுதும் கடிதம் ஒரே பக்கத்தில் முடியட்டும். ஆலையின் பெயர், மீறப்பட்ட விதி, தொழிலாளர்களின் கோரிக்கை, பதிலுக்கான கடைசித் தேதி ஆகிய நான்கும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அதைத் தபாலில் அனுப்பாமல், இருபது பேராகச் சென்று நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். மாணவர் பேரவைத் தீர்மானமும், பேராசிரியர்கள், வளாக ஊழியர் சங்கம் ஆகியோரின் ஆதரவுக் கடிதங்களும் இதைத் தொடர்ந்து வரட்டும். இத்தகைய அழுத்தம் பலன் தந்ததும் உண்டு: ஹோண்டுராஸில் மூடப்பட்ட இரு துணை ஒப்பந்த ஆலைகளின் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தராத நைக்கின் உரிமத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2010 ஏப்ரலில் கைவிட்டது. ஜூலையில் அந்த நிறுவனம் 15 லட்சம் டாலருக்கு மேல் தர இசைந்தது.

உள்ளிருப்புப் போராட்டம் வரை போக நேர்ந்தால், மாணவர் விசாவில் இருப்பவர்கள் கைதுக்கு வாய்ப்புள்ள இடத்தில் உட்கார முன்வருவதற்கு முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கட்டாயம் பேச வேண்டும். கைதும் இடைநீக்கமும் விசாவைப் பாதிக்கலாம். ஆவணம் தேடுவது, மொழிபெயர்ப்பது, கடிதம் வரைவது, ஊடகங்களுக்குக் குறிப்பு எழுதுவது என்று அவர்கள் செய்ய வேண்டிய வேலைகள் நிறையவே இருக்கின்றன. இயக்கத் தோழர்கள் இதைக் கோழைத்தனமாகக் கருதக் கூடாது.

கோடை விடுமுறை வந்தால் மாணவர்கள் கலைந்துவிடுவார்கள், நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவார்கள் என்பது நிர்வாகத்துக்கும் நிறுவனங்களுக்கும் தெரியும். ஆகவே ஆகஸ்டிலேயே தொடங்கி, தேர்வுகளுக்கு முன் முடிவு வரும்படி தேதிகளை வகுத்துக்கொள்ளுங்கள். வெற்றி அறிவிக்கப்பட்ட பிறகும், பணம் கைக்கு வந்ததா, சங்கத்தில் இருந்தவர்களைத் திரும்ப எடுத்தார்களா என்று தொழிலாளர்களிடமே கேட்டுக்கொண்டிருங்கள். ஒப்பந்த நகல், கடிதப் போக்குவரத்து, ஆலைப் பட்டியல், சங்கத் தொடர்புகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, கடைசிப் பருவம் தொடங்கும்போதே முதலாண்டு மாணவர் இருவரிடம் ஒப்படையுங்கள்; அடுத்த பேச்சுவார்த்தைக்கு அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.