படகு கவிழ்ந்து காட்டுக் கரையில் ஒதுங்கினால்

பினாங்குக் கடலில் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குச் சுமத்ரா காற்றைத் தெரியும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடிவதற்கு முன், மேற்கே கருமேகம் ஒரே வரிசையாகத் திரண்டு வரும். சற்று நேரத்தில் கடல் கொந்தளிக்கும். சிறு படகு கவிழ்ந்து, தீவின் வடமேற்கு மூலையிலுள்ள தெலுக் பஹாங்குக்கு அப்பால் ஆளில்லாத கரையில் ஒதுங்கினால், பசியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சோறில்லாமல் பல நாள் தாங்கலாம். நம் ஊர் வெயிலில் தண்ணீரில்லாமல் மூன்று நாள் தாங்குவதே பெரும்பாடு.

கடல் நீரை ஒரு மிடறுகூடக் குடிக்கக் கூடாது. லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. அதை வெளியேற்றச் சிறுநீரகம் நீங்கள் குடித்ததைவிட அதிக நீரை உடம்பிலிருந்து எடுக்கும். 1528-இல் கபேசா தெ வாக்கா என்ற ஸ்பானியப் பயணியின் கூட்டம் மெக்சிகோ வளைகுடாவில் இப்படித்தான் தவித்தது. குதிரைக்கால் தோலில் செய்த தண்ணீர்ப் பைகள் அழுகிப்போயின. தாகம் பொறுக்காமல் கடல் நீரைக் குடித்ததில் ஐந்து பேர் செத்தார்கள்.

மழை வந்தால் விடாதீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் தார்ப்பாயில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 40 லிட்டர். நான்கு மூலையையும் மரத்தில் கட்டி, ஒரு பக்கத்தை மட்டும் தாழ்த்துங்கள். முதலில் வழியும் நீர் பாயிலுள்ள உப்பைக் கழுவும். அதை ஓடவிட்டு, பிறகு போத்தலை வையுங்கள். காலிப் போத்தலுக்கு நம் கடற்கரையில் பஞ்சமில்லை, அது வெட்கக்கேடுதான் என்றாலும் அன்றைக்கு உதவும்.

ஓடை நீர் தெளிவாக இருந்தாலும் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. கரை ஒதுங்கிய டின்னில் ஊற்றி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள்.

உதிர்ந்த தேங்காயைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். தளும்பினால் உள்ளே நீர் உண்டு. பாராங் கத்தி இல்லையென்றால், கூரான கழியை மண்ணில் ஆழமாக நட்டு, மட்டையை அதில் குத்தித் திருகி உரியுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். குச்சியால் அதைத் துளைத்தால் போதும். முற்றிய காயின் நீரை நிறையக் குடித்தால் வயிற்றால் போகும், சேர்த்த நீரெல்லாம் வீண்.

பகலில் நிழலிலேயே இருங்கள். வழி தெரியாமல் காட்டுக்குள் நடந்தால் வியர்வையிலேயே மணிக்கு ஒரு லிட்டர் வரை போய்விடும், தேடுபவர்களும் உங்களைக் காண முடியாது. ஈரத்துணியைப் பிழிந்து காயப்போடுங்கள். இரவுக் காற்றில் இங்கேயும் உடம்பு நடுங்கும்.

கைப்பேசி நனையாமல் தப்பியிருந்தால் உடனே அவசர எண் 999-க்கு அழையுங்கள். இல்லையென்றால் மணலில் மூன்று இடத்தில் நெருப்பு மூட்டி, அதன்மேல் பச்சை இலையைப் போடுங்கள், வெண்புகை எழும். மிதவை அங்கியைக் கழற்றி எறியாதீர்கள், அந்த ஆரஞ்சு நிறம் தூரத்திலிருந்தே தெரியும். படகு கண்ணில் பட்டதும் நீந்திப் போகாதீர்கள்: நீரோட்டமும், பட்டால் கொட்டும் சொறிமுட்டையும் (ஜெல்லி மீன்) உண்டு. திறந்த மணலில் நின்று இரண்டு கையையும் விரித்து, மேலும் கீழுமாக மெதுவாக அசைத்துக்கொண்டே இருங்கள்.