தீவுக்குப் போறீங்களா? முதுகைக் கவனிங்க

வெப்பமண்டலத் தீவுகளில் வெயில் சுடுவதே தெரியாது; கடற்காற்று ஏமாற்றிவிடும். ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாய் வைத்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதப்பது) செய்பவர்களுக்குத் தோல் உரிவது பெரும்பாலும் முதுகு, பிடரி, முழங்காலின் பின்பக்கம். மீனை வேடிக்கை பார்த்தபடி குப்புற மிதந்தால் நேரம் போவதே தெரியாதே! க்ரீமும் தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று போட்டுக்கொண்டால் பாதிக் கவலை விட்டது. மற்ற இடங்களுக்குப் பூச, ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் இல்லாத சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குங்கள். பவளப்பாறைகளுக்குக் கெடுதல் என்று ஹவாயில் 2021 முதல் அது கலந்ததை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கத் தடை.

படகுச் சவாரியைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் பெரும்பாலும் காற்று கிளம்பி அலை தூக்கும். விமானம் பிடிக்கிற நாளில் கடைசிப் படகை நம்பவே நம்பாதீர்கள். கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். முந்தின நாளே கரை சேர்ந்துவிடுங்கள்.