உங்கள் வீட்டு வாழ்க்கையை நாவலில் வைப்பது எப்படி: முக்கூடலிலிருந்து சில வழிகள்

நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்கு நடந்த பெரிய சம்பவத்தில்தான் முதலில் கை வைக்கிறார்கள். ஒரு சாவு, கைகூடாத காதல், சொத்துத் தகராறு. அதைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். வீட்டில் தினமும் நடந்த வேலையிலிருந்து தொடங்குங்கள். சொத்துத் தகராறு எல்லா ஊரிலும் உண்டு. உங்கள் தெருவின் வேலை உங்கள் தெருவுக்குத்தான் தெரியும்.

நான் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடலில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றினார்கள், அம்மாவும்தான். முந்தின நாளே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைப்பாள். அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுவாள். மடியில் சுளகு (முறம்), அதில் ஒரு பக்கம் வெட்டின இலை, ஒரு பக்கம் புகையிலைத் தூள். தூளை வைத்து உருட்டி, நுனியை நகத்தால் மடக்கி, நூலைச் சுற்றி இழுத்துக்கொண்டே பக்கத்து வீட்டு மதினியிடம் பேசுவாள். கண் சுளகில் இருக்காது. 25 பீடி ஒரு கட்டு. பீடிக்கடையில் கொடுக்கும்போது அங்கே இருப்பவர் கட்டைத் திருப்பிப் பார்த்துச் சிலதைக் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது.

இதில் ஒரு நாவலுக்கான சங்கதி அத்தனையும் இருக்கிறது. கடன் எங்கிருந்து முளைக்கும், யார் யாருக்குப் பயப்படுவார்கள், ரகசியம் எந்த நேரத்தில் வாய்விட்டு வெளியே வரும், எல்லாம். உங்கள் வீட்டு வேலையையும் இப்படி ஒரு நோட்டில் எழுதுங்கள். உவமை, உருக்கம் எதுவும் வேண்டாம். எந்தச் சாமான், எந்தக் கை, கூலி கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவு போதும்.

அப்புறம் அந்த வேலையை வேறொருத்தி மடிக்கு மாற்றுங்கள். அம்மாவை அம்மாவாகவே எழுதினால் பாசம் குறுக்கே வந்து, அவள் ஒரு தப்பும் செய்யாதவள் ஆகிவிடுவாள். தப்பு செய்யாத ஆளை வைத்துக் கதை நகராது. என் நாவலில் சுளகு ஒரு புது மருமகளின் மடியில் இருக்கிறது. அவள் கூலியில் கொஞ்சத்தை மாமியாருக்குத் தெரியாமல் ஒதுக்குகிறாள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் நடந்ததில்லை. ஆனால் அந்தப் பணத்தை அவள் எங்கே ஒளிப்பாள் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தூள் பைக்கு அடியில்தான். அங்கே வேறு யாரும் கை விடமாட்டார்கள். சொந்த வாழ்க்கை எழுத்துக்குக் கொடுக்கும் பெரிய உதவி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஊரில் இருந்துகொண்டே எழுதலாமா, விலகிப்போய் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் நடக்கும். தோப்பில் முகமது மீரான் கடலே இல்லாத திருநெல்வேலியில் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்துக்கொண்டு, பிறந்த கடற்கரை ஊரான தேங்காய்ப்பட்டினத்தை எழுதினார். 1997இல் சாகித்ய அகாதெமி விருதும் வாங்கினார். 1923இல் பிறந்த கி. ராஜநாராயணன் சொந்த ஊரான இடைசெவலில் சம்சாரியாக, அதாவது விவசாயியாக இருந்தபடியே எழுத வந்தார், அதுவும் முப்பது வயதுக்கு மேல்தான். ஆகவே இடத்தையும் வயதையும் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்.

பேச்சு வழக்கை உரையாடலில் தாராளமாக விடுங்கள். “என்னட்டி செய்யுத?” என்பதை “என்ன செய்கிறாய்?” என்று திருத்தினால் ஆளே மாறிவிடும். கதை சொல்லும் நடையைச் சாதாரணமாக வைத்துக்கொண்டால் வெளியூர்க்காரருக்கும் புரியும்.

உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் நான் கறார். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தெரு, உறவு, தொழில் மூன்றையும் கலைத்துப் போடுங்கள். நம்பிச் சொன்ன ரகசியத்தைத் தொடவே கூடாது, எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும் சரி.

எழுதி முடித்ததும் அந்த வேலை பார்த்த ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். இலக்கியம் படித்தவருக்கு அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். “மழைக்காலத்துல தூள் நமுத்துப் போகும்லா, இவ எப்படிச் சுத்துனா?” என்று ஒரு கேள்வி வரும். அதை வெறும் பிழைதிருத்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நமுத்த தூளில் சுற்றினால் கழிவு கூடும், கூலி குறையும், மருமகள் யாரிடமாவது போய்க் கடன் கேட்டாக வேண்டும். அடுத்த அத்தியாயத்தை அங்கிருந்து எழுதலாம்.