கலிஃபோர்னியாவில் தமிழ்ப் பள்ளிக்கு மாநில வரிவிலக்கு: 3500ஏ போட்ட கதை

மத்திய அரசின் வரித்துறையான ஐஆர்எஸ்ஸிடமிருந்து கடிதம் வந்த அன்றைக்கு எங்கள் தமிழ்ப் பள்ளியில் எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தோம். 501(சி)(3), அதாவது தொண்டு, கல்வி அமைப்புகளுக்கான மத்திய வரிவிலக்கு, கிடைத்தாயிற்று, வரித் தொல்லை தீர்ந்தது என்று நினைப்பு. மாநிலத்துக்குத் தனியாக எழுதிப் போட வேண்டும் என்பதே 800 டாலர் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. கலிஃபோர்னியாவில் கார்ப்பரேஷனாகப் பதிந்தால் முதல் வருஷம் விட்டுவிடுவார்கள். அடுத்த வருஷத்திலிருந்து, ஒரு பைசா லாபம் இல்லாவிட்டாலும் 800 டாலர்தான்.

நிறுவனப் பதிவு, ஈஐஎன் (ஐஆர்எஸ் தரும் வரி அடையாள எண்), ஐஆர்எஸ் கடிதம் மூன்றும் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

1. படிவம். மாநில வருமான வரியைப் பார்ப்பது ஃப்ரான்சைஸ் டாக்ஸ் போர்டு. அவர்களிடம் இரண்டு படிவங்கள் உண்டு. 3500 நீளமானது, அதைத் தொடாதீர்கள். ஐஆர்எஸ் கடிதம் இருப்பவர்களுக்கு 3500ஏ போதும். கட்டணம் கிடையாது. இதற்குப் போய் ஏஜென்டுக்குப் பணம் கொடுப்பது வீண்.

2. பெயர். நாங்கள் தடுக்கி விழுந்தது இங்கேதான். பதிவுப் பத்திரத்தில் ‘தமிழ்’ என்பதை இசட்-ஹெச் போட்டு எழுதியிருந்தோம். ஐஆர்எஸ் விண்ணப்பத்தை நிரப்பிய நண்பர் வெறும் எல் போட்டுவிட்டார். ழகரம் அழிகிறதே என்று மேடையில் புலம்புகிறவர்கள் நாங்கள்! ஐஆர்எஸ்ஸுக்கு எழுதி, பெயர் திருத்திய கடிதம் வாங்கிய பிறகுதான் மேலே நகர முடிந்தது. ஆகவே முதலில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கமா, ‘இன்க்’ உட்பட.

3. தேதி. ஐஆர்எஸ் கடிதத்தின் தலையில் இருப்பது கடிதம் எழுதிய தேதி. கீழே விலக்கு தொடங்கும் தேதி தனியாக இருக்கும். பதிவான 27 மாதத்துக்குள் ஐஆர்எஸ்ஸுக்கு விண்ணப்பித்திருந்தால் பொதுவாக அது பதிவு நாளாகவே இருக்கும். மாநிலமும் அந்தத் தேதியிலிருந்தே விலக்கு தரும். எங்கள் 800 டாலர் தப்பியது அப்படித்தான்.

4. அனுப்புவது. கணினியிலேயே நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஐஆர்எஸ் கடிதத்தின் நகலோடு தபாலில் அனுப்பினேன். சர்ட்டிஃபைட் மெயில் செலவுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம்.

5. சரிபார்ப்பது. போர்டின் தளத்தில் ‘என்டிட்டி ஸ்டேட்டஸ் லெட்டர்’ என்ற நிலைச் சான்றுக் கடிதத்தை இலவசமாக எடுக்கலாம். அதில் மாநில வரிச் சட்டப் பிரிவு 23701டி-யின்கீழ் விலக்கு என்று வந்துவிட்டால் நிம்மதி.

அப்புறம், வருஷா வருஷம் கணக்கு காட்ட வேண்டும். வழக்கமான வரவு 50,000 டாலருக்குள் என்றால் போர்டுக்கு 199என் என்ற படிவம், ஆன்லைனில் பத்து நிமிட வேலை. இதோடு சேர்த்து, முதல் நன்கொடை கைக்கு வந்த 30 நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் சிடி-1 படிவம் போட்டுப் பதிய வேண்டும். அது வேறு அலுவலகம், வேறு படிவம்.

பின்சேர்க்கை: “விலக்கு வந்துவிட்டதே, ஆண்டு விழாவுக்குத் தட்டு, கப் வாங்கும்போது சேல்ஸ் டாக்ஸ் கட்ட வேண்டாம்தானே?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கட்டத்தான் வேண்டும். டெக்சஸில் இருக்கும் நண்பர்கள் கடையில் ஒரு சான்றிதழை நீட்டி வரியில்லாமல் வாங்குவதைப் பார்த்து வரும் சந்தேகம் இது. லாபநோக்கற்ற அமைப்புகளுக்குப் பொதுவான விற்பனை வரிவிலக்கு கலிஃபோர்னியாவில் இல்லை. விழாவில் தோசைக் கடை போட்டு விற்கப் போகிறீர்களா? அதற்கு செல்லர்ஸ் பர்மிட் (பொருள் விற்பதற்கான மாநில அனுமதி) வேண்டுமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.